இழையம் ஊரைச் சொன்ன காலை

கலம் கண்டு, இழையம் தெளிந்து, அங்கம் அறிந்து, தொகுதி உணர்ந்து, ஈற்றில் அத்தனைக்கும் சொந்தக்காரரான முழு மனிதரை மறவாத மாண்பே! ஊவா மலைநாட்டின் நோயறி ஆய்வுகூடமொன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து இன்று ஓய்வுபெறும் எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் றஷீதா மிஸ் அவர்களே! வாழ்க!

புகழ்ச்சி தங்களுக்கு வேப்பங்காய். ஆகவே, நடந்த கதையொன்றையே சட்டமிட்டுத் தருகிறோம்.

ஏழாண்டுக்கு முன் ஒரு காலை. நமுனுகுல மலைப் பக்கமிருந்து வந்த மூடுபனி யன்னலோரம் உறங்கிக் கிடந்தது. நுணுக்குக்காட்டியில் கண்வைத்தால் றஷீதாவுக்கு இவ்வுலகம் மறந்துவிடும். தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல், ஊதாவும் இளஞ்சிவப்புமான அந்தத் தேசத்தில் உலாவிக்கொண்டிருப்பார். தனிக் கலம், அதாவது ஒற்றை உயிரணு, உடலில் தன் ஊர் எதுவென்று சொல்லாது, பல கூடி இழையமானால் ஊரை மறைக்க முடியாது என்பது அவருடைய கட்சி. அன்று கண்ணாடித் தகட்டில் வட்ட வட்ட அறைகள், அறை நிறைய இளஞ்சிவப்புக் கூழ். சந்தேகமேயில்லை, தைரொயிட் என்னும் கழுத்துச் சுரப்பி! சீட்டிலோ, 'இராக்கம்மா, பூனாகலை, மார்புக் கட்டி' என்றிருந்தது.

கனவு கலைந்தது. "மார்புல கழுத்து எப்பிடி வந்திச்சி புள்ள?" என்று எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று வந்த இன்னொரு பெண்ணின் தகட்டை எடுத்தார். கழுத்து என்று எழுதியிருந்த அதில் மார்பிழையம் இருந்தது. அதில் புற்றும் இருந்தது. இழையத் துண்டுகள் வந்த இரண்டு குப்பிகளின் சீட்டுகளும் எங்கள் மேசையிலேயே மாறியிருந்தன. அப்படியே போயிருந்தால், ஒன்றுமில்லையென்ற நிம்மதியோடு இராக்கம்மா தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பியிருப்பார். நோய் உள்ளே வளர்ந்திருக்கும்.

யாருடைய பிழையென்று டொக்டர் கேட்டார். "எங்கட பிழைதான் டொக்டர்," என்றார் றஷீதா. அவர் விரல் எவர் பக்கமும் நீளவில்லை. அன்றிலிருந்து இருவர் வாசித்துப் பார்த்த பின்பே சீட்டு ஒட்ட வேண்டுமென்று சட்டம் போட்டார், திட்டுவதிலும் குறைவைக்கவில்லை.

சிகிச்சை பெற்றுத் தேறிய இராக்கம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டோம். "நல்லா சொல்லுங்க. அந்தம்மா இல்லாட்டி நா ஏது, எங் கொழுந்துக் கூடை ஏது?" என்றார்.

மிஸ்! இனி விடிகாலை பஸ்ஸைத் துரத்த வேண்டாம். ஆறாத தேத்தண்ணி அருந்தி, நோயணுகா உடலும் நிறைந்த மனமுமாய்த் தாங்கள் நெடுங்காலம் வாழ அல்லாஹ் அருள்வானாக!

இம்மடலில் எல்லோரும் ஒப்பமிட்டிருக்கிறோம். என் ஒப்பம் மட்டும் ஏழாண்டு பிந்தி வருகிறது. தாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தச் சீட்டுகளை மாற்றி ஒட்டியவள் நான்தான், மிஸ்.

ஆய்வுகூட ஊழியர் அனைவரோடும்,
ஜிப்னா