அக்கா மறந்துபோன மத்தியானம்

பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும், ஐயா. அதிகம் பிழிந்தால் தோலைச் சுடும். பிழியாமல் விட்டால் காதோரம் வழியும். பதினோரு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. நோய்நொடி இல்லாத வயதானவர்களின் தலையில் அந்தப் பஞ்சை வைத்துப் பட்டையை மாட்டி, லேசாக மின்சாரம் செலுத்துவோம். நினைவாற்றல் கூடுகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு அசல் மின்சாரம், மீதிப் பேருக்கு அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். யாருக்கு எது என்று கருவிக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவைச் சேர்த்துவிட்டது நான்தான். படிவத்தில் 'ஊழியருக்கு உறவா' என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். அவள் சிரித்தாள்.

"என்னடி, தள்ளியே வச்சுட்டியா?"

அவளுக்கு அறுபத்தைந்து, எனக்கு ஏழு வயது மூத்தவள். பதினைந்து சொற்களை வாசித்துவிட்டு அரை மணி கழித்துத் திருப்பிக் கேட்போம். முதல் நாளே பதிமூன்று சொன்னாள். மருத்துவர் கைதட்டாத குறை. எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? குடை, வாளி, பூட்டு, ஆணி எல்லாம் நினைவிருக்கிறது. அம்மா செத்த மத்தியானம் மட்டும் மறந்துபோயிற்றாம்.

படுக்கையில் கிடந்த அம்மாவை நாங்கள் இருவரும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம். அன்று அக்காவின் முறை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அம்மா தானாக எழப் பார்த்து விழுந்து செத்தாள். அப்பாவிடம் அவளே ஒப்புக்கொண்டாள். அவர் கடைசிவரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்து நான்கு வருடமாக எப்போது கேட்டாலும் "ஞாபகமில்லடி, விடு" என்பாள்.

ஐந்தாவது முறை அவள் வந்தபோது மருத்துவர் வெளியே போயிருந்தார். பழுது பார்ப்பதற்கென்று வைத்திருந்த பழைய கருவியை எடுத்தேன். அதில் அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. அன்று பஞ்சை ஒட்டப் பிழிந்திருந்தேன்.

"நீ மாட்டினா எனக்குப் பயமே இல்லடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மின்சாரம் இரண்டு மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. நான்கில் வைத்து, அன்றைக்கு எங்கே போனாய் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். ஆறில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதுடி, போதும்."

"சொல்லு, நிறுத்திடறேன்."

எட்டில் சொன்னாள்.

"அது உன் முறைடி. நீ படத்துக்குப் போயிட்ட. சின்னப் பொண்ணு, அப்பா உன்னை உயிரோட விடமாட்டாருன்னு நான்தான் வெளியே போனேன்னு சொன்னேன். கேக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்."

படத்தின் பெயரைச் சொன்னாள். நான் போட்டிருந்த பச்சைச் சட்டையைச் சொன்னாள். அப்படி ஒரு சட்டை எனக்கு இருந்தது உண்மைதான்.

இப்போது அவளுக்குப் பேச்சே வரவில்லை என்கிறார்கள். என் கையால்தான் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஐயா. எட்டிலும் அவளுக்குச் சரியாக நினைவு வரவில்லை. இன்னும் கூட்டாமல் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?