கானோரம் காய்ந்து நின்ற நாயுருவி

என் பெயர் அழகர். தகப்பன் பெயர் பெரியாண்டி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பதுளைக்கு முதல் ரயில் வந்தபோது எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது, அதைக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொள்ளவும். இருப்பிடம் ஹல்துமுல்லைக்குக் கீழே கரடிப்பாறைத் தோட்டம், மேல் டிவிசன், பழைய லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா. முன்பு தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினேன். இப்போது வேலையாள் பேர் எழுதுகிற செக்ரோலில் என் பேர் இல்லை. பெரிய கிளாக்கர் ஐயா வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்து வந்தேன். எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோர்ட்டு முதலியார் ஐயா எழுதுகிறார். கிளாக்கரம்மாவுக்குக் கஞ்சியில் நஞ்சு வைத்தாள் என்று பதுளைச் சிறையில் அடைத்து வைத்திருக்கும் ராசம்மா என் மகள். அவள் வைக்கவில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எந்த வருடம் என்று கேட்கப்பட்டது. இலக்கம் தெரியாது. மார்கழியில் மழை விடாமல் கொட்டி, மலை சரிந்து, ரயில் பாதை அறுந்து, பதுளைக்குத் தபாலும் அரிசியும் வராமல் போனதே, அந்த வருடம். நான் சொல்வது அந்த மழைக்கு முந்திய ஆவணியிலிருந்து.

பெரிய கிளாக்கர் கனகரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்து ஆள். அவர் பெண்சாதி ஞானேஸ்வரி அம்மா. பிள்ளைகள் இல்லை. அம்மா பருத்த உடம்பு, ஆனால் கை தாராளம். ராசம்மா புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில்தான் சமையலுக்கு நின்றாள். ஆவணியில் அம்மாவின் தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்று ராசம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பந்தியில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "இவவுக்கு ரெண்டு இலை போடுங்கோ, ஒண்டு காணாது" என்றாளாம். பந்தியே சிரித்ததாம். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். சிரித்துவிட்டு இலையில் இருந்ததைத் தொடவில்லை என்று ராசம்மா வந்து சொன்னாள்.

அவர்கள் அங்கே இருக்கும்போதே இங்கே புரட்டாசி பிறந்தது. கொழும்பிலிருந்து தோட்டத்தைச் சோதித்துப் பார்க்கிற வி.ஏ. துரை வருவதாகச் செய்தி வந்தது. ஸ்டோர் ரோட்டுப் புல் சாக ஊற்றுகிற மருந்து ஒரு பீப்பாய் வந்தது. கொண்டுவந்தவர் லொறிக்கார ஜௌபர். ரோட்டுக்கு ஊற்றியவன் என் பக்கத்துக் காம்பரா இராமையா. அதன் பின்பு மிச்சம் இருந்ததைக் கிளாக்கர் ஐயா தன் வீட்டுக்குப் பின்னால் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு கரையிலும் நாயுருவி இடுப்பளவு நின்றது. நான் கொய்யா மரத்தடியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐயா குடைக் கம்பால் காட்டி, "இதிலயும் ஊத்து இராமையா, அவ வாறதுக்குள்ள பத்தை எல்லாம் சாகட்டும். அட்டை எண்டா அவவுக்குப் பயம்" என்றார். அதற்கு, பீப்பாயை அங்கே கொண்டுவந்து இறக்கிய ஜௌபர், "எல்லாரும் பொஞ்சாதிக்குப் பூ வாங்குவாங்க, கிளாக்கர் ஐயா மட்டும் புல் மருந்து வாங்குறாரு" என்றார். ஐயாவும் சிரித்துவிட்டார். ஊற்றி முடிந்த பின்பு, ஆடு மாடு வாய் வைக்காமலிருக்க இராமையா கானைச் சுற்றிக் கயிறு கட்டினான். மறுநாள், துரை கண்ணில் பட்டால் தோட்டத்து மருந்து இங்கே ஏன் என்று கேள்வி வரும் என்று ஐயா அதை அவிழ்க்கச் சொன்னார். இராமையா அவிழ்த்தான்.

அதன் பின்பு துரை வந்து போனார். அம்மாவும் ராசம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்தார்கள். அட்டைப் பயத்தில் அம்மா கான் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று ஐயா நினைத்திருப்பார், அம்மாவிடம் மருந்து ஊற்றிய கதையைச் சொல்லவில்லை. ராசம்மாவிடம் நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விசயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

வந்த நாளிலிருந்து அம்மா சோற்றைக் குறைத்தார். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று யாரோ சொல்ல, காலையும் மாலையும் கொள்ளுத் தண்ணீர் குடித்தார். அதன் பின்பு கொறக்காப் புளியைக் கரைத்துக் குடித்து நெஞ்செரிந்து சுருண்டு படுத்தார். வெற்றிலையோடு புகையிலை போட்டால் பசி தெரியாது என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் சொன்னதைக் கேட்டு அதையும் போட்டு, தலை சுற்றி அடுப்படியில் விழுந்தார். பதுளைச் சந்தையில் ஒருவன் விற்ற சூரணம் வயிற்றைக் கழுவியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் போகலாமே என்று ராசம்மா சொன்னதற்கு, "அவர் கிளப்பில சீட்டு விளையாடேக்க கதைச்சுப்போடுவார்" என்று மறுத்துவிட்டார். பசி தாங்காமல் எல்லோரும் தூங்கின பிறகு பானையை வழித்துத் தின்றுவிட்டு அழுவாராம்.

முன்பு அரிசி கொத்து விலை ஏறிய வருடம் எங்கள் லயங்களில் உலை ஏறாத நாட்கள் இருந்தன. அப்போது நாயுருவி விதையைக் கஞ்சியாக்கிக் குடித்துப் பசியை அடக்கினோம். அது எங்கள் ஆட்கள் பஞ்ச காலத்தில் கண்டது. இதை ராசம்மா ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் மகள் செய்தது இவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்து அம்மா விறகுக் கொட்டிலுக்கு வந்து, அந்தக் கஞ்சியைக் காய்ச்சித் தரும்படி என்னைக் கேட்டார். நான், "என்னங்க அம்மா, சோறு இல்லாதவன் பசி போவட்டும்னு குடிச்சதுங்க அது. பானை நெறயச் சோத்த வச்சுக்கிட்டு நீங்க கேக்குறீங்களே" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "உனக்கு விளங்காது அழகர். பசி இல்லாமல் ஒரு நாள் இருந்து பாக்கவேணும் எனக்கு" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அதன் பின்பு தீபாவளி வந்தது. ராசம்மா லயத்துக்கு வந்துவிட்டாள். ஐயா கணக்கு விசயமாகப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் ராசம்மா முறுக்கு எடுத்துக்கொண்டு போனபோது, அம்மா வாந்தியெடுத்து அடுப்படியில் கிடந்தார். பக்கத்தில் கஞ்சிச் சட்டியும், சுளகில் காய்ந்த நாயுருவிக் கதிரும் இருந்தன. "யாரும்மா காய்ச்சிக் குடுத்தது?" என்று ராசம்மா கேட்டிருக்கிறாள். அம்மா சொன்ன வார்த்தையை ராசம்மா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்: "நான்தானடி பறிச்சனான். கானுக்குப் பக்கத்தில நல்லாக் காய்ஞ்சு நிண்டது. அட்டை ஒண்டும் இல்லை."

இதை முதலியார் ஐயா திருத்தமாக எழுத வேண்டும். ஐப்பசி மழையில் எந்தப் புல்லும் காயாது. மழையில் காய்ந்து நிற்கிற புல் மருந்து குடித்த புல். லயத்துப் பிள்ளைகள்கூட அதைத் தொடாது. முன்பு இராமையாவின் ஆடு அப்படித் தின்று செத்தது. அம்மாவுக்கு அது தெரிய வழியில்லை. காய்ந்து நின்றதை முற்றிய கதிர் என்று நினைத்துப் பறித்திருக்கிறார்.

ஜௌபரின் லொறியில் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். ராசம்மா மடியில் தலையை வைத்திருந்தாள். அப்புத்தளை தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. வயிற்றுக் கோளாறு என்று எல்லோரும் பேசினார்கள். அன்று எனக்கும் கான் நினைவு வரவில்லை. போலீஸ்காரர்கள் குடலையும் கஞ்சிச் சட்டியையும் சோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அதன் பின்பு மார்கழி மழை. எங்கள் லயத்துக்கு மேலே மண் சரிந்து நான்கு காம்பராவை மூடியது. இராமையாவும் அவன் பெண்சாதியும் அதற்குள் போனார்கள். இராமையாவை நான்தான் என் கையால் தோண்டி எடுத்தேன். அதே வாரம் ஜௌபர் அரிசி ஏற்றப் போகும்போது, பெரகல வளைவில் ரோடு சரிந்து லொறியோடு கீழே போய்ச் செத்தார். கிளாக்கர் வீட்டுக் கானையும் அந்த மழை வாரிக்கொண்டு போனது. கரையும் இல்லை, செடியும் இல்லை, கல்தான் கிடந்தது.

தைப்பொங்கல் கழிந்து, சட்டியில் பாஷாணம் இருந்ததாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. சமைப்பது ராசம்மாதான், அவள் தகப்பன் பச்சிலை தெரிந்தவன் என்று ஐயா முறைப்பாடு கொடுத்தார். அவளை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்பாகவும் ஜீப்பில் ஏற்றினார்கள். பாஷாணம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பீப்பாய் நினைவு வந்தது. காய்ந்த கதிரும் நினைவு வந்தது. அன்று பின்னேரமே ஐயா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஐயா, அந்தக் கானக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. நீங்க சொல்லித்தானே இராமையா ஊத்துனான். எம் மவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"எந்தக் கான்? என்ர மனிசி செத்துப்போனாள், நீ கானைப் பற்றிக் கதைக்கிறாய். போ" என்றார்.

நான் போகவில்லை. அவர் காலைப் பிடித்தேன். அவர் காலை இழுக்கவில்லை. "நான்தான் அவளைக் கொன்றனான் எண்டு என்ர வாயால சொல்லச் சொல்லுறியோ, அழகர்?" என்று கேட்டார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதன் பின்பு கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

போன வாரம் சிறையில் ராசம்மாவைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. "பசிக்கலப்பா" என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுதியதை முதலியார் ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை; என் கண் பார்த்ததும் என் மகள் வாயால் கேட்டதும்தான் இதில் இருக்கிறது. இதற்கு என் இடது பெருவிரலை வைக்கிறேன்.

விரல் வைத்த பின்பு, மகளுக்காகத் தகப்பன் சொல்வதை மட்டும் கொண்டு தீர்க்க முடியாது, கானில் மருந்து ஊற்றிய அன்று அங்கே நின்றவர்களில் வேறு யார் உயிரோடு இருக்கிறார் என்று கேட்கப்பட்டது. ஊற்றிய இராமையா இல்லை. பீப்பாய் கொண்டுவந்த ஜௌபர் இல்லை. இப்போது இந்தக் கதவுக்கு வெளியே, வாங்குப் பலகையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற கனகரத்தினம் ஐயா இருக்கிறார்.