பம்ப் ஹவுஸ் கம்ப்யூட்டர்

கதவைச் சாத்திட்டுக் கிட்ட வாங்க. பயந்தா என் சட்டையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, சொல்லிட்டேன். இது ராத்திரி நடந்ததில்ல... பட்டப்பகல். மத்தியானம் ரெண்டு மணி. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் முள்ளுக்காடு. ஈ காக்கா இல்ல. ரோட்டுக் கடைசியில ஒரு பம்ப் ஹவுஸ். அதோட ரோடும் முடிஞ்சுது.

நம்ம எலக்ட்ரீஷியன் இருக்கான்ல, அவனோட பெரியம்மா பொண்ணு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்க. அந்த அக்கா வண்டியில தனியாப் போறாங்க. பையில ஒரு மெமரி கார்டு.

அந்த பம்ப் ஹவுஸ்ல அவங்க தம்பிதான் ஆபரேட்டர். மழைக்காலத்துல ஒரு நாள், மதகு ஷட்டரைத் திறக்கத் தண்ணியில இறங்கினவன்... மேல வரல. உடம்பு கூடக் கிடைக்கல. தண்ணி மட்டம் பார்க்க அவன் மாட்டி வெச்ச கம்ப்யூட்டர் மட்டும் சுவத்துல இருந்துச்சு. உள்ளங்கை அகலம்தான். அந்த நாள்லிருந்து அதுவும் ஆன் ஆகல.

தனியா இருக்கிறப்ப எதையாவது பேசி அதுல ரெக்கார்ட் பண்றது அவன் பழக்கம். எல்லாம் பூட்டு போட்டு வெச்சிருந்தான். அந்த மிஷின் எழுந்தாத்தான் திறக்கும். அவன் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்னு அம்மா ஒரே பிடியா நின்னாங்க.

புது கெர்னல் போட்டாத்தான் எழுந்திரிக்கும்னு அக்காவுக்குப் புரிஞ்சுது. கெர்னல்னா, அந்த மிஷினை ஓட்டுற லினக்ஸுக்கு மூச்சு மாதிரி. அது ஓடினாத்தான் மத்ததெல்லாம் ஓடும். அதைக் கம்பைல் பண்ண, அதாவது எழுதி வெச்ச கோடை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தயார் பண்ண, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு பத்தாது. சுவத்திலிருந்து கழட்டவும் ஆபீஸ்ல விடல. அதனால வீட்டுல இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல கம்பைல் பண்ணி, கார்டுல ஏத்திக் கொண்டு போகணும்.

அன்னைக்குக் காலையில ஓட விட்டாங்க. ஸ்க்ரீன்ல வரி வரியா ஃபைல் பேர் போகுது. பெட்டிக்குள்ள ஃபேன் ஊஊன்னு இழுக்குது. பாதியில... ஒரு வாடை. ஏரி அடியில கருப்பாச் சேறு கிடக்குமில்ல, அது.

அடுக்களையிலிருந்து அம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. மெதுவாக் கேட்டாங்க.

"வந்துட்டானா?"

அக்கா ஜன்னலைத் திறந்து விட்டாங்க. முடிஞ்சதும் கார்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

பம்ப் ஹவுஸ்ல கார்டைச் சொருகி ஸ்விட்சைப் போட்டா... டிக். எழுந்துடுச்சு. கெர்னல் எழுந்ததும் முதல்ல ஒரு வரி காட்டும். தன்னைக் கம்பைல் பண்ணது யாரு, எந்தக் கம்ப்யூட்டர்லன்னு. அக்கா பேரு வரணும், வீட்டுக் கம்ப்யூட்டர் பேரு வரணும்.

வந்தது தம்பி பேரு. கம்ப்யூட்டர் பேரு... இந்தக் குட்டியோடது. அத்தோட நின்னுபோச்சு.

வீட்டுக்கு வந்து சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லிட்டாங்க. அம்மா அழல.

"இன்னொரு தடவை போடு."

அவ்வளவுதான் சொன்னாங்க. ஸ்க்ரீன் முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திரிக்கல.

ராத்திரியே இன்னொரு தடவை கம்பைல் பண்ணி எடுத்துக்கிட்டு, மறுநாள் அக்கா திரும்பவும் போனாங்க. கார்டைச் சொருகினாங்க. டிக்... அந்த வரி. இந்தத் தடவை தம்பி பேரு இல்ல.

அம்மா பேரு.

மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாதவங்க அவங்க.

அக்கா வண்டியைத் திருப்பினாங்க. எப்படி ஓட்டினாங்கன்னு அவங்களுக்கே தெரியல. வீட்டுக் கதவு திறந்து கிடக்கு. அடுப்புல தண்ணி கொதிச்சு வத்திப்போய்ப் பாத்திரம் கருகுது. நாற்காலியிலிருந்து சொட்டு... சொட்டா... தரையில தண்ணி. அம்மா செருப்பு வாசல்லயே இருக்கு. அம்மா இல்ல.

போலீஸ் தேடுச்சு. ஏரியில வலை போட்டாங்க. கிடைக்கல. ரெக்கார்டிங்கும் திறக்கவே இல்ல. அக்கா இப்போ யாரோடவும் பேசறதில்லையாம். வீட்டுல இருந்த அந்தப் பெரிய கம்ப்யூட்டரோட பிளக்கைப் பிடுங்கி, மேல ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டாங்க.

போன வாரம் நம்ம எலக்ட்ரீஷியன் அக்காவைப் பார்க்கப் போயிருக்கான். வயர் எதுவும் சொருகல, அவன் கண்ணாலயே பார்த்தான்... அவன் தொழிலே அதுதானே. போர்வை மேல சும்மா கையை வெச்சிருக்கான்.

சூடா இருந்துச்சாம்.