துணி தின்ற கல்

"எங்க வூட்டுத் துவைக்கிற கல்லு துணி திங்குதுங்க அக்கா."

யுத்த காலம். அரூரில் சேலம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடுகிற பஸ். கண்டக்டர் பின்னால் நின்று கரியடுப்புக்குக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் அவசரமில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள்.

"கல்லு எப்படிம்மா திங்கும்?" என்றாள் மூத்தவள்.

"அம்மி கொத்துறவரு வந்தாருங்க. துவைக்கிற கல்லும் வழவழன்னு கெடக்குதேன்னு அதையும் கொத்தச் சொல்லிப்புட்டேன். மறுநாளே எங்க வூட்டுக்காரரு வேட்டி கிழிஞ்சிருச்சு. துணிக்கு இருக்கிற பஞ்சத்துல!"

"மாமியா சும்மா விட்டுச்சா?"

"எட்டு நாளா ஏச்சுங்க. இப்படியொரு கூறுகெட்டவளைக் கண்டதே இல்லையாம்."

"கல்லைப் பொரட்டிப் போட்டுத் துவைக்கிறதுதானே?"

"நேத்து நாலு ஆளை வெச்சுப் பொரட்டினோம். மாமியா மட்டும் வேண்டாம் வேண்டாம்னு குறுக்க வந்து நின்னுச்சு."

"அதுக்கு என்னவாம்?"

"அடிப்பக்கமும் கொத்தியிருக்குதுங்க. பழைய கொத்து."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் சுற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அப்புறம் மாமியா என்னதான் பண்ணுச்சு?"

"உள்ள போயி ரெண்டு செங்கல்லு கொண்டாந்துச்சு. எங்கிட்ட ஒண்ணைக் குடுத்துச்சு. ரெண்டு பேரும் எதிரெதிரா ஒக்காந்து, பொழுது எறங்கற மட்டும் கல்லைத் தேய்ச்சோம்."