முந்நூற்றுப் பன்னிரண்டு முறை விற்ற கதவு

— இதுவும் நான் எடுத்த உங்க கதவுப் படம்தான், லல்லா ஃபத்தூமா. போலந்துல ஒரு பெயிண்ட் கம்பெனி. பச்சையக் கொஞ்சம் கூட்டியிருக்காங்க.

— என் கதவு இவ்வளவு அழகா? நான் அதுல சாயம் அடிச்சுப் பதினஞ்சு வருஷமாச்சு. அடுத்தத காட்டு, முஃபத்தல்.

— இது கனடா. விவாகரத்து வக்கீல் ஒருத்தர். 'புதிய வாழ்க்கைக்கு ஒரு வாசல்'னு கீழ போட்டிருக்கார்.

— அல்லாஹ் அறிவான், எங்க வீட்டுக்காரர் மவுத்தாகுற வரைக்கும் அந்த வாசல்ல நாங்க ஒரு நாள் சண்டை போட்டதில்ல. அடுப்படியில போடுவோம், வாசல்ல போட்டதில்ல. அதுல போய் விவாகரத்தா? எடுத்துரச் சொல்லு, தம்பி.

— சொல்ல முடியாது. முறையா வாங்கியிருக்கார். நான் படத்த ஏஜென்சிகிட்ட குடுத்து வெச்சிருக்கேன், அவங்ககிட்ட யார் வேணும்னாலும் வாங்கிப் போட்டுக்கலாம். இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு பேர். எத்தனை பேர்னு எனக்குச் சொல்லுவாங்க, யாருன்னு சொல்ல மாட்டாங்க. அதான் நானே தேடுறேன். படத்தக் குடுத்தா அது இன்டர்நெட்ல எங்கெங்க இருக்குன்னு இந்த லேப்டாப் காட்டும். வாங்கினவனும் வருவான், திருடினவனும் வருவான்.

— முந்நூத்திப் பன்னெண்டு. என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வரல. எடுத்தப்போ என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

— ஆள் முகம் இருந்தாத்தான் கையெழுத்து வாங்கணும், லல்லா. கதவுக்கு வேண்டியதில்ல.

— கதவு கையெழுத்துப் போடாது. அதுக்குப் பின்னாடி இருக்கவ போடுவால்ல?

— தப்புதான். எட்டு வருஷமாச்சு. வெயில் நல்லா விழுந்துது, எடுத்தேன், போயிட்டேன். பக்கத்துத் தெரு மளிகைக்காரர் போன் பண்ணி இப்படிச் சேதின்னு சொல்ற வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்ல.

— சரி, டீய குடி. சீபாத் தழை போட்டது, ஆறினா கசக்கும்.

— நம்ம தெருவப் பாத்துக்கற அரசாங்க ஆள், அந்த முகத்தம், என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்க.

— அவர் எங்க சொன்னார், பாதி இருமல்தான். உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்ல நின்னே பேசினார். பெட்டியும் பையுமா ஆளுங்க வர்றாங்களாம், தங்கிட்டு மறுநாள் போறாங்களாம், லைசென்ஸ் இல்லாம நான் விடுதி நடத்துறேனாம். இன்டர்நெட்ல விளம்பரம் போட்டு முன்பணம் வாங்குறேனாம். ஊஜ்தாலேர்ந்து வந்த ஒருத்தர் என் கதவுப் படத்த வெச்சு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கார். அது என் வேலை இல்லன்னு சனிக்கிழமைக்குள்ள நான் காட்டணும். அந்தப் படமும் அதுக்குள்ள போயிருக்கணும். இல்லன்னா மேல எழுதிருவேன்னார். எழுதினா பள்ளிக்கூடச் சமையல் வேலை போச்சு. வழக்கு இருக்கவள அடுப்படிக்குள்ள விட மாட்டாங்க.

— நிஜமாவே தங்கினாங்களா?

— பின்ன? கேளு. மூணு மாசம் முன்னாடி, அந்தப் பெருமழைல. புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. பஸ்ல வந்ததுல சின்னதுக்கு வாந்தி. போனை நீட்டி "இந்த வீடுதான?"ங்கிறார். பாத்தா என் கதவு. "எல்லாம் கட்டிட்டோம், சாவியக் குடுங்க"ங்கிறார். இந்தப் படத்த தெருவுல யார்கிட்ட காட்டினாலும் என் வாசலத்தான காட்டுவாங்க? அந்தப் பொண்ணு முக்காடு சொட்டச் சொட்ட நிக்குது. மாடி ரூம் சும்மா கெடந்தது. அடுப்புல இருந்த ஹரீரா சூப்புல கொஞ்சம் தண்ணி சேத்தேன்.

— காசு ஏதாவது வாங்கினீங்களா?

— வாங்கல. அந்தப் பொண்ணு தலகாணிக்கு அடியில எதையோ வெச்சுட்டுப் போயிட்டா. பள்ளிவாசல்ல குடுத்துட்டேன்.

— அப்புறம்?

— லராஷ்லேர்ந்து ஒரு தாயும் மகளும். மறுநாள் மகளுக்குப் பரீட்சை. நான் உக்காந்து கேள்வி கேக்க, அவ பதில் சொன்னா. எது சரின்னு எனக்கு எங்க தெரியும், எல்லாத்துக்கும் தலைய ஆட்டினேன். அப்புறம் ஒரு வெள்ளைக்காரர், சைக்கிள்ல. அந்த மனுஷன் சைக்கிளக் கட்டிப்பிடிச்சுட்டுக் கீழயே தூங்கினார். அதுக்கப்புறமும் மூணு நாலு பேர். ஒருத்தர் மட்டும்தான் தங்கல.

— ஊஜ்தாக்காரர்.

— ஆமா. நீயும் கூட்டுக்களவாணிதான்னு கத்தினார். அவர் பெண்டாட்டிக்கு மாசம், ஏழோ எட்டோ. கொஞ்சம் பேரீச்சம்பழம் குடுத்தேன், வாங்கிக்க விடல. அந்தப் பொண்ணு எங்க போய்ப் படுத்தாளோ. போலீஸ்ல எழுதினதுகூட எனக்குக் கோவமில்ல. அதத்தான் நெனச்சுட்டே இருக்கேன்.

— கதவைத் திறக்காம உள்ள இருந்தே சொல்லியிருக்கலாம், லல்லா. இது வாடகை வீடு இல்லன்னு. முகத்தமும் வந்திருக்க மாட்டார்.

— ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அந்தச் சைக்கிள்காரர்கிட்ட. அவருக்கு நம்ம பாஷை புரியல, சிரிச்சார். நானும் சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் எப்படிப் போன்னு சொல்றது?

— இருங்க. இது வேற மாதிரி இருக்கு.

— என்ன, இன்னொரு வக்கீலா?

— இல்ல. வாடகை வீடு, நம்ம ஊர்லதான். 'தெத்வான், பழைய நகரம். மொட்டை மாடி, காலைச் சாப்பாடு, அன்பான வீட்டுக்காரம்மா.' முதல் படம் உங்க கதவு. உள்ள காட்டுற ரூமெல்லாம் வேற எங்கேர்ந்தோ எடுத்தது.

— அந்தக் கட்டிலப் பாரேன். இது எங்கிட்ட இருந்தா நான் ஏன் பள்ளிக்கூடத்துல உக்காந்து பட்டாணி உரிக்கிறேன்? அன்பான வீட்டுக்காரம்மான்னு அவனே போட்டுட்டானா?

— போட்டிருக்கான். பேரு நஜாத்னு போட்டிருக்கான், அப்படி யாருமே இருக்க மாட்டாங்க. படத்த இவன் வாங்கவும் இல்ல. ஏஜென்சி சாம்பிளுக்கு வெச்சிருந்தத எடுத்து, மேல இருந்த அவங்க பேர அழிச்சிருக்கான். கைப்பிடிக்குப் பக்கத்துல கறை மாதிரி இருக்கே, அது அழிச்ச இடம்.

— அது அழிச்ச இடமில்ல, தம்பி. என் கை. மாவுக் கையோட போய்த் திறப்பேன்.

— சரி. எப்படியோ, இது போதும். நான் படம் எடுத்த தேதி, ஏஜென்சிக்குக் குடுத்த தேதி, இந்த விளம்பரம் நாலு மாசம் முன்னாடி ஆரம்பிச்சது, எல்லாத்தையும் தாள்ல அடிச்சுத் தரேன். இது உங்க வேலை இல்லன்னு முகத்தத்துக்குப் புரிஞ்சுரும். அடுத்தது படத்த எடுக்கணும். படத்துக்குச் சொந்தக்காரன் நான்னு இந்த விண்ணப்பத்த அனுப்பினா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துருவாங்க. நிரப்பிட்டேன். இத அமுக்கினாப் போதும்.

— அல்ஹம்துலில்லாஹ். அமுக்கு. இரு, இரு. அந்த விளம்பரமே போயிருமா?

— இல்ல, படம் மட்டும். விளம்பரம் ஏமாத்துன்னு தனியா எழுதியிருக்கேன். விசாரிக்க ஆறு வாரம் ஆகும்னு பதில் வந்திருக்கு.

— படத்துக்கு ஒரு நாள், மனுஷங்களுக்கு ஆறு வாரமா?

— அவங்க வழக்கம் அது.

— ஆறு வாரமும் அந்த இடம் காலியா இருக்குமா?

— இருக்காது. வேற கதவப் போட்டுருவான். கதவுக்கா பஞ்சம்? நம்ம ஊர்ல நானே நாப்பது எடுத்திருக்கேன்.

— எங்க, காட்டு. இது தோல் ஊறப்போடுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கறது. கூரை விழுந்து மூணு வருஷமாச்சு, உள்ள ஆளே இல்ல. இது துணிக் கிடங்கு, மத்தியானத்துக்கு மேல பூட்டிருவாங்க. இது அந்த ஹாஜியார் வீடுல்ல? அவர் கூடப்பொறந்த தம்பிக்கே திறக்க மாட்டாரே.

— படமா நல்லா வந்திருக்கும். அவன் அதத்தான் பாப்பான்.

— ஏற்கெனவே கட்டினவங்க கையில எந்தக் கதவு இருக்கும்?

— விளம்பரத்துல என்ன இருக்கோ அது. அவன் இங்க மாத்தினா அவங்க போன்லயும் மாறிரும்.

— அப்படி இன்னும் யாராவது கட்டியிருக்காங்களா?

— தேதி காட்டுது. இந்த ஆறு வாரத்துல ஒம்பது நாள் நிரம்பியிருக்கு. முதல் ஆளுங்க நாளைக் கழிச்சு வர்றாங்க. பெரியவங்க மூணு பேர், ஒரு கைக்குழந்தை.

— கைக்குழந்தை.

— லல்லா, அமுக்கட்டுமா? அஸர் தொழுகைக்கு நேரமாச்சு.

— வேணாம்.

— எது வேணாம்? சனிக்கிழமை முகத்தம் வருவார். படம் அப்படியே இருந்தா எழுதிருவார்.

— தெரியும். வரட்டும். அந்தக் கைக்குழந்தை ஏதோ பூட்டின கதவுக்கு வெளிய நிக்க வேணாம். உன் தாளைக் காட்டுறேன், மாடிக்குக் கூட்டிட்டுப் போய் விரிச்சு வெச்சிருக்க பாயக் காட்டுறேன். அவருக்கும் பிள்ளைங்க இருக்கு. அதுக்கு மேல அல்லாஹ் அறிவான். வேலை போகாதுன்னு நான் சொல்லல, தம்பி. பயமாத்தான் இருக்கு.

— இன்னும் ஏமாறுவாங்களே, லல்லா. உங்க கதவ நம்பிப் புதுசா கட்டுறவங்க?

— அதத்தான் யோசிக்கிறேன். அந்த விளம்பரத்துக்கு அடியில ஒரு கட்டம் இருக்கே, அது என்னது?

— சந்தேகம் கேக்குற இடம். யார் வேணும்னாலும் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம். அவன் பாத்தா அழிச்சிருவான்.

— அவன் அழிச்சா நீ மறுபடி எழுது. ஆறு வாரம் காலையும் மாலையும் உனக்கு அதான் வேலை. முந்நூத்திப் பன்னெண்டு தடவ வித்திருக்கேல்ல?

— சரி, லல்லா. சொல்லுங்க, எழுதுறேன்.

— 'இது வாடகை வீடு இல்ல, யாரும் பணம் கட்டாதீங்க'ன்னு போடு. அதுக்கு அடுத்த வரியில, 'கட்டிட்டுக் கெளம்பினவங்க வாங்க, பச்சைக் கதவுதான், பலமாத் தட்டுங்க, நான் அடுப்படியில இருப்பேன்'னு போடு.