ஈரம் பட்டால்தான் தெரியும்

மாநாட்டுக் காப்பி மோசமாகத்தான் இருந்தது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பாத்திரம் கழுவிய தண்ணீருக்குச் சர்க்கரை போட்டது மாதிரி இருந்தது. அதற்காக அந்தக் கேண்டீன்காரரைப் போன வாரத்திலிருந்து தினமும் கூப்பிட்டு வந்து இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கிறீர்களே, அது நியாயமில்லை சார். அவர் செய்த குற்றமெல்லாம் பாலில் தண்ணீர் கலந்ததுதான். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள், பாவம், பிள்ளை குட்டிக்காரர். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு கல்லைப் பற்றியது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சுமார் ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் நிலத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. உயிர் என்று இருந்ததெல்லாம் கடலுக்குள்தான். அந்தக் கடலில் ஒரு காலத்தில் உயிரினங்கள் வகைவகையாகப் பெருகின. செத்தவை சேற்றில் விழுந்தன, சேறு அடுக்கடுக்காகப் படிந்து பாறையானது. எந்த அடுக்கில் எந்தப் பிராணி முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்து, இதுவரை ஒரு யுகம், இதற்கு மேல் அடுத்த யுகம் என்று கோடு போடுகிறவர்கள் நாங்கள். அந்தக் கோட்டுக்காக அடித்துக்கொள்ள உலகம் முழுவதிலிருந்தும் அறிஞர்கள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள், கழுத்தில் அட்டையும் தோளில் இலவசத் துணிப்பையுமாக. கோடிக்கணக்கான வருஷங்களைக் கரைத்துக் குடித்தவர்கள்தான், ஆனால் மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் அமைப்பாளரைக் கடித்துக் குதறிவிடுவார்கள். இந்த முறை அமைப்பாளர் நான்.

ஒரு யுகத்தின் எல்லைக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பாறைதான் அளவுகோல். ஒரு குழு ஓட்டுப் போட்டு அதைத் தேர்ந்தெடுக்கும். அங்கே பித்தளைத் தகடு ஒன்று அறைவார்கள். கண்டுபிடித்தவர் பெயர் அதில் இருக்கும். மனிதன் அழிந்தாலும் அந்தத் தகடு இருக்கும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி இருக்கிறதே, அது இந்த முறை தேர்வுக்கு நின்றது. அது என் பாறை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ தெரியாது, முப்பது வருஷமாக அதன் முன்னால் வெயிலில் குந்தியிருந்தவன் நான்தான். கல்யாணமான மறுவாரம்கூட அங்கேதான் இருந்தேன்.

என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அவள் கண்ணாடிக் கடைக்காரி. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவள், என் வேலையை மட்டும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நான் பெயர் சூட்டிய அபூர்வப் பிராணி பதிந்த கல் ஒன்று, எந்த அருங்காட்சியகமும் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைத்திருக்க வேண்டியது, இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது என்று முடிவுகட்டியிருந்தேன்.

அவள் தம்பி, என் மச்சினன், அவனும் இதே தொழில். கெட்டிக்காரன். மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடவில்லை.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாறையில, நீங்க எல்லை காட்டுற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, துருப்பிடிச்ச மாதிரி ஒரு கோடு ஓடுதில்ல? அந்த இடத்துல ஒரு துண்டு காலமே காணோம் மாமா. புஸ்தகத்துல பக்கம் கிழிஞ்ச மாதிரி.”

“எவ்வளவு?”

“பதினஞ்சு லட்சம் வருஷம் இருக்கும்.”

என் மனைவி கரண்டியோடு நின்றாள். “மொத்தம் அம்பது கோடில பதினஞ்சு லட்சம்தானடா? சில்லறைய விடுடா. சாப்பிடு.”

“அப்படி இல்லக்கா. பக்கம் கிழிஞ்சத அளவுகோலா வைக்க முடியாது. மாநாட்டுல நான் சொல்லித்தான் ஆகணும். மாமாகிட்ட மொதல்ல சொல்லணும்னுதான் வந்தேன்.”

பாருங்கள், எவ்வளவு மரியாதை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சொந்தத்தை முறித்துக்கொண்டிருக்கலாம். நல்லவனை என்ன செய்வது?

அந்தத் துருக்கோடு எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகத் தெரியும். படம் எடுக்கும்போது அளவுக்காகப் பாறையில் ஒரு சுத்தியலைச் சாய்த்து வைப்பது எங்கள் வழக்கம். என் படங்களில் அந்தச் சுத்தியல் எப்போதும் துருக்கோட்டின் மேலேயே சாய்ந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனைக் கண்டு உலகம் சிரிக்கிறது. ஒரு கோட்டைச் சுத்தியலால் மறைத்தவனுக்கு விருது கொடுத்தது. நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்.

அவன் பேச்சுக்கு ஒதுக்கியிருந்தது பதினைந்து நிமிஷம். காலையில் அவன் பேச்சு, மத்தியானம் ஓட்டெடுப்பு. முந்தின நாள் எல்லோரையும் குவாரிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷம் அவன் வாய் பேசாமலிருப்பது. தொண்டை கட்டிக்கொண்டால் போதும். கொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே எங்கள் கூட்டத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் கல்லை நக்குவோம். முகம் சுளிக்காதீர்கள் சார், எல்லாத் தொழிலிலும் ஏதோ ஒன்று இருக்கும். காய்ந்த கரும்பாறையில் பழைய உயிரின் தடம் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால்தான் தெரியும். சட்டென்று வெள்ளிக் கோடு மாதிரி மின்னும். தண்ணீர் தெளிக்கப் புட்டி வைத்திருப்போம், ஆனால் ஆசை முந்திக்கொண்டால் நாக்குதான். நல்ல கல் கிடைத்தால் ஒருவர் நக்கிப் பார்த்து அடுத்தவரிடம் நீட்டுவார், அவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தானும் நக்குவார். துடைப்பது நாகரிகத்துக்காக. என் மச்சினன் இதில் முதல் ஆள், கையில் கல் வந்ததும் நாக்கு வெளியே வந்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீசா உண்டு. பெயர் வேண்டாம், உங்கள் பரிசோதனைக்கூடத்தார் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வேலை வேண்டுமல்லவா? அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கல்லில் பூசிக் காயவைத்தேன். ஆனால் ஓர் ஆய்வாளன் எதையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது. எங்கள் கட்டடத்தின் பின்படியில் ஒரு பூனை இருந்தது. கூப்பிட்டால் வரும், மடியில் ஏறி உட்காரும். இருந்தது என்று சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. உடனே அளவைக் குறைத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். பூனை எங்கே, என் மச்சினன் எங்கே? அவன் வாட்டசாட்டமான ஆள். விகிதம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டினேன்.

குவாரிக்குப் போன அன்று வெயில் நன்றாக இருந்தது. அறிஞர்கள் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், பள்ளிக்கூடச் சுற்றுலா தோற்றது. தண்ணீர்ப் புட்டிகள் இருந்த பெட்டியை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். முதல் நாள் விசாரணையில் உங்களிடம் மறதி என்று சொன்னேன். எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

எதிர்பாராதது ஒன்றுதான். என் மனைவி கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். கேட்டதற்கு, “முப்பது வருஷமா எந்தச் சக்களத்திகூடக் குடும்பம் நடத்துனீங்கன்னு நானும் ஒரு தடவ பாத்துக்கறேனே” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாறையடியில் எல்லோரும் கூடியதும் அந்தக் கல்லைக் கையுறையோடு எடுத்து மச்சினனிடம் கொடுத்தேன். “மாப்ள, இதப் பாரு. உன் கண்ணுக்குத்தான் தெரியும்.”

அவன் ஆசையாக வாங்கி வாய்க்குக் கொண்டுபோனான். குறுக்கே ஒரு கை வந்தது.

“டேய், வாயெல்லாம் புண்ணுன்னு காலையில டீகூடக் குடிக்கல. இப்ப கண்ட கல்ல நக்கப் போறியா? குடு இங்க.”

“அக்கா, ஈரம் பட்டாத்தான் தெரியும்.”

“நான் பாத்துச் சொல்றேன். அப்படி என்னதான் இருக்குன்னு எனக்கும் தெரியட்டும்.”

கல்லை வாங்கி நக்கினாள். “கசக்குதே” என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கல்லை வெயிலில் சாய்த்து, கடையில் கண்ணாடி வில்லையைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வெள்ளிக் கோடு மின்னியதை நானும் பார்த்தேன். அவள் கல்லை என் பக்கம் திருப்பினாள்.

“என்னங்க, இது ரொம்ப அழகா இருக்குங்க. இதத்தான் இத்தன வருஷமா பாத்துட்டு இருந்தீங்களா? என்கிட்ட ஒரு நாள் காட்டியிருக்கலாம்ல?”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். துப்பு, வாயைக் கொப்புளி என்று சொல்லியிருக்கலாம், புட்டிகள் பஸ்ஸில்தான் இருந்தன, பஸ்ஸும் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் சார், முப்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி என் வீட்டு மனுஷி சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மறிப்பது மரியாதையா? நின்று கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குள் குழுத் தலைவர் கை நீட்டினார். யாராவது நேரத்துக்கு மேல் பேசினால் மேஜை மணியை அடித்துக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு மணியாட்டி என்று பெயர். துடைத்தார், நக்கினார், பிரமாதம் என்றார். அடுத்து இன்னும் இரண்டு பேர். முதல் ஈரத்திலேயே பூச்சில் பெரும்பகுதி போய்விட்டிருந்ததால் அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு தப்பித்தார்கள். விகிதம் என்று சொன்னேனே.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மணியாட்டி முன் சீட்டில் வாந்திக்கு நடுவே என் பாறையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டபோது, காலையில் குடித்த கேண்டீன் காப்பி என்று முதலில் சொன்னவன் நான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வேற ஏதாவது வாயில போட்டாங்களா? தெரிஞ்சா மருந்து குடுக்கலாம்” என்று கேட்டார். மறுநாள் ஓட்டெடுப்பு. காப்பிதான் என்றேன். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

மச்சினன் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நான் பேசல மாமா. அக்கா கடைசியா பாத்து அழகா இருக்குன்னு சொன்ன பாறை. அத நான் குறை சொல்ல மாட்டேன்.” நானும் அழுதேன். நிஜ அழுகைதான். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான் என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தால் அவளையே சொல்லச் சொல்லியிருப்பேன், வேலை சுலபமாக முடிந்திருக்கும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

ஓட்டெடுப்பு ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. மணியாட்டி படுத்தபடியே கை தூக்கினார், ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள். என் பாறை ஜெயித்தது.

நேற்று மச்சினன் வீட்டுக்கு வந்தான். பித்தளைத் தகட்டில் என்ன எழுதுவது என்று குழு முடிவு செய்துவிட்டதாம், யோசனை சொன்னவன் அவனாம். “அக்கா பேர் மாமா. அக்கா பேர் மட்டும். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்.”

கேண்டீன்காரர் மேல் இரக்கப்பட்டு வந்ததாக ஆரம்பத்தில் சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அவள் அந்தப் பாறையைப் பார்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது. நான் முப்பது வருஷம். அவள் எப்படி அங்கே வந்தாள், எப்படிச் செத்தாள் என்ற உண்மை வெளியே வந்தால், இரக்கத்தில் எடுத்த அந்தத் தீர்மானத்தைக் குழு மறுபரிசீலனை செய்யும். அறிவியலில் யாருக்குச் சேரவேண்டியதோ அது அவருக்குத்தான் சேரவேண்டும்.

அன்றைக்கே திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்திய அந்தக் கல் இதோ, மேஜை மேல் வைக்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சீசா, பூனை, காப்பி, என் மனைவி, எல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும், ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம். அந்தத் துருக்கோட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அதற்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை.