ஓபல் வீட்டுக் காற்றாடி

2017 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை. கொலராடோ மாநிலத்தின் சான் லூயி பள்ளத்தாக்கில் அன்று காலை மணிக்கு இருபத்தெட்டு மைல் வேகத்தில் காற்று வீசியது. ஓபல் டிரஸ்கலின் காற்றாடி சுற்றவில்லை.

வாஷிங் மெஷினில் மோட்டார் கெடுவது அபூர்வம். இருபத்தாறு வருடம் பியூப்ளோ நகரத்தில் அவற்றைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெல்ட் அறும், பம்ப் அடைக்கும், மின்னணுப் பலகை கருகும். ஜனங்கள் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உள்ளே மோட்டார் புதுசாகவே இருக்கும். புது மாடல்களில் அது ஒரு பெரிய தட்டு. விளிம்பைச் சுற்றிக் காந்தங்கள், நடுவில் செம்புச் சுருள்கள். மின்சாரம் கொடுத்தால் சுற்றும். நாம் சுற்றிவிட்டால் அது மின்சாரம் கொடுக்கும்.

ஓபல் என் வீட்டிலிருந்து அரை மைலில் ஐந்து ஏக்கர் வாங்கி, ஒரு டிரெய்லர் வீட்டில் குடியிருந்தாள். இங்கே மின்கம்பம் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. அது தெரியாமல் நகரத்திலிருந்து வாஷிங் மெஷினையும் கொண்டுவந்துவிட்டாள். அது வாசலில் கிடந்தது. கோழி ஒன்று அதன் தொட்டிக்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழிக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்துவிட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டேன்.

சுருள்களைப் பிரித்து, இருபத்து நாலு வோல்ட் பேட்டரிக்குத் தோதாக மறுபடி இணைக்க ஒன்பது நாள் ஆனது. பிளாஸ்டிக் சாக்கடைக் குழாயை நெடுக்காக அறுத்து மூன்று இறக்கைகள் செய்தேன். முப்பதடி இரும்புக் குழாயை நிறுத்தி நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். முதல்முறை சுற்றியபோது ஓபல் நாற்காலியைப் போட்டு அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் அழுக்குத் துணியெல்லாம் பார்த்த மோட்டாரு. இப்ப எனக்கே மூச்சு ஊதுதா? பேஷ், டாக்டரே," என்றாள்.

மூச்சு என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் இரவும் பகலும் அவளுக்கு ஓடவேண்டும். கூரையிலிருந்த இரண்டு சோலார் தகடுகளில் ஒன்றை ஆலங்கட்டி மழை உடைத்திருந்தது. அதனால் அவளுடைய மூச்சு முக்கால்வாசி நான் செய்த காற்றாடியில்தான் ஓடியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி.

காற்றாடியை நிறுத்துவது எளிது. அதிலிருந்து கீழே வரும் மூன்று மின்கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் போதும். மோட்டார் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். எவ்வளவு காற்றடித்தாலும் இறக்கைகள் ஊர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். புயல் வரும்போது அப்படிச் செய்யாவிட்டால் இறக்கை பிய்ந்து பறக்கும். அதற்கான சுவிட்சைக் கம்பத்தின் அடியிலேயே வைத்தேன். டிரெய்லரிலிருந்து அது எழுபதடி. ஓபலின் மூக்கிலிருந்து மெஷினுக்குப் போகும் குழாய் ஐம்பதடி. கம்பத்தடியில் வைப்பதுதான் முறை. யாரும் அப்படித்தான் வைப்பார்கள்.

பள்ளத்தாக்கில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீடுகள் தூரதூரம். போன் எல்லா இடத்திலும் எடுக்காது. அதனால் ஒருவர் வீட்டுக் காற்றாடியை இன்னொருவர் பார்த்துக்கொள்வோம். சுற்றினால் நலம். காற்றடிக்கும்போது நின்றிருந்தால் போய்க் கதவைத் தட்டவேண்டும். யாரும் எழுதிவைத்ததில்லை, யாரும் தவறியதுமில்லை.

முன்பு இரண்டு முறை, பேட்டரி குறைந்திருந்த நேரத்தில், நான் ஓபலின் காற்றாடியை நிறுத்தியிருக்கிறேன். அக்டோபரில் ஒருமுறை, கிறிஸ்துமஸ் முடிந்து ஒருமுறை. இரண்டு முறையும், யாரும் கவனிப்பதற்குள், ஒரு மணி நேரத்தில் ஓபல் போன் செய்தாள். "மெர்ல், மெஷின் கத்துதுப்பா, கொஞ்சம் வாயேன்." நான் போனேன். சுவிட்சைத் திருப்பிவிட்டு, அரை மணி நேரம் ஸ்பானருடன் அங்கே நின்றிருந்தேன். பிறகு அவள் பச்சை மிளகாய் போட்ட பீன்ஸ் சூடு பண்ணிக் கொடுத்தாள். இரவு ஒன்பது வரை சீட்டாடினோம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இயந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான்.

ஜனவரியில் அவள் போனுக்குச் சிக்னல் சுத்தமாக நின்றுவிட்டது. அதைக் கூட்டிக்கொடுக்கும் ஒரு பெட்டியை நானே வாங்கிவந்து, அதே பேட்டரியில் இணைத்தேன்.

ஏப்ரல் 3, திங்கள் மதியம், அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: மகள் ஜானல் சனிக்கிழமை வண்டியோடு வருகிறாள், பியூப்ளோவுக்கே போய்விடுகிறேன்.

"அங்க செவுத்துல சொருகினா கரண்ட்டு வரும், மெர்ல். காத்தடிச்சாலும் வரும், அடிக்காட்டியும் வரும். ராத்திரி ராத்திரி இறக்கைச் சத்தத்தையே கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியலப்பா."

நான் தலையாட்டினேன்.

"காத்தாடிய நம்ம பக்கத்து வீட்டு டுவைட் கழட்டிக்கிறேன்னான். உனக்கும் ஏறி இறங்குற வேலை மிச்சம். இந்த வயசுல குரங்கு மாதிரி கம்பத்துல தொங்கிக்கிட்டு."

அவள் சிரித்தாள், சிரித்தால் இருமல் வரும், வந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். கட்டுக் கம்பிகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். கம்பிகள் நன்றாகவே இருந்தன. சுவிட்சைத் திருப்பினேன்.

கோபம் எதுவும் இல்லை. சனிக்கிழமைக்குள் அவள் ஒரு தடவை என்னைக் கூப்பிடவேண்டும், அவ்வளவுதான். மூன்று நாளாக வானம் மூடியிருந்தது. பேட்டரி மறுநாள் காலை எட்டு மணிவரை தாங்கும். அதன் பிறகு அவசரத்துக்கென்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. நாலு மணி நேரம் வரும். கூப்பிடுவதற்கு நாலு மணி நேரம் என்பது தாராளம்.

செவ்வாய் காலை போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு டுவைட்டின் பிக்கப் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"ஓபல் வீட்டுக் காத்தாடி நிக்குதேப்பா. இந்தக் காத்துல?"

"நான்தான் நிறுத்தினேன். கட்டுக்கம்பி ஒண்ணு தளர்ந்துபோச்சு. சாயங்காலம் போய் முறுக்கணும்."

"அப்ப அவ மூச்சு மெஷினு?"

"பேட்டரி ஃபுல்லா இருக்கு."

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?"

"தூங்குவா. எதுக்கு எழுப்பறே?"

"நீ சொன்னா சரி, வாஷிங் மெஷின் டாக்டரே," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அவன்மேல் தப்பில்லை. அந்தக் காற்றாடி விஷயத்தில் என் பேச்சை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

சிக்னல் பெட்டி அதே பேட்டரியில் ஓடுவது எனக்கு மறந்துவிட்டது. முதல் விசாரணையில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். மறந்தது உண்மை. பதினோரு மணிக்கு நினைவு வந்ததும் உண்மை. காபி ஊற்றிக்கொண்டிருந்தேன், பேட்டரி எட்டு மணிக்குத் தீர்ந்திருக்கும், எட்டு மணியிலிருந்தே அவள் போன் செத்திருக்கும் என்று புரிந்தது. சிலிண்டரில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. என் வண்டியில் அவள் வீட்டுக்கு மூன்று நிமிடம்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போயிருந்தால் சுவிட்சைத் திருப்பிவிட்டு வந்திருப்பேன். அவள் சனிக்கிழமை கிளம்பியிருப்பாள். டுவைட் ஏணியோடு வந்திருப்பான். ஒரு மனிதனின் வேலைக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று ஆகியிருக்கும். அவள் பிரியம் உள்ளவள், எப்படியாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காபி குடித்தேன். பாத்திரம் கழுவினேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் கம்பம் தெரியும், இறக்கைகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

நாலரைக்குப் போனேன். டிரெய்லர் கதவு பாதி திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. படிக்குக் கீழே ஒரு செருப்பு கிடந்தது. அவள் கம்பத்துக்குப் பன்னிரண்டடி இப்பால் முகம் குப்புறக் கிடந்தாள். மூக்கில் குழாய் இல்லை, கழற்றிவிட்டுச் சுவிட்சை நோக்கி நடந்திருக்கிறாள்.

நான் அவளைச் சுற்றிக்கொண்டு கம்பத்தடிக்குப் போய் முதலில் சுவிட்சைத் திருப்பினேன். காற்றாடி உடனே சுற்ற ஆரம்பித்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மீட்டரில் இருபத்தாறு வோல்ட் காட்டியது. காற்றாடியில் எந்தப் பழுதும் இல்லை.